கண்ணிமையும் ஒரகடமும்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் முன்னெல்லாம் உடையவர் அவதரித்த ஸ்தலம் என்பதே நினைவுக்கு வரும். இப்போது அவ்வழியே போகிறவர்கள் கண்ணில் படுவன மோட்டார்த் தொழிற்சாலைகளே. அடுத்துள்ள ஒரகடத்தில் 350 ஏக்கரில் வைத்தியக் கருவிப் பூங்கா ஒன்றுக்கும் ஏற்பாடாகியிருக்கிறது. 2021-ல் இந்திய சர்க்கார் இத்தகைய பூங்காக்களுக்கென்று தெரிந்தெடுத்த நான்கு ராஜ்யங்களில் தமிழ்நாடும் ஒன்று. பூங்காவுக்கு 100 கோடி ரூபாய் வரையில் உதவித்தொகை உண்டு. மெத்த சந்தோஷம். ஆனால் ஊசியும் கட்டிலும் செய்வதோடு நின்றுவிடுவார்களோ என்பதே நமது கவலை.

மாலை வேளையில் ஒரு பெண்மணியின் கண்ணிமை தாழ்கிறது, பேச்சுக் குழறுகிறது, சோற்றை மெல்லும்போதே தாடை ஓய்ந்துவிடுகிறது. காலையில் எழுந்தால் ஒன்றுமில்லை. தூக்கம் போதவில்லை என்பார்கள் வீட்டார். மாமியார் வேறு காரணமும் சொல்லக்கூடும். இது 'மையஸ்தீனியா கிராவிஸ்' என்னும் வியாதியாக இருக்கலாம். நரம்பு அனுப்பும் 'அசிட்டைல்கோலின்' என்ற ரசாயனத்தை ஏற்றுக்கொள்ளத் தசையின்மேல் ஒரு புரதம் இருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள்களே அப்புரதத்தைப் பகையென்று எண்ணித் தாக்குகின்றன. 1973-ல் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் என்னும் இருவர் மின்விலாங்கிலிருந்து எடுத்த அப்புரதத்தை முயல்களுக்கு ஊசியால் ஏற்றினார்கள். முயல்கள் தளர்ந்து விழுந்தன, மர்மமும் துலங்கிற்று.

இரத்தத்தில் அந்த எதிர்ப்பொருளை அளக்கப் பெட்டிகள் உண்டு. பழைய முறையில், தைவான் தேசத்துக் கட்டுவிரியனின் நஞ்சில் உள்ள ஒரு பொருளோடு கதிர்வீசும் அயோடினைச் சேர்த்து, அதைத் தசைப்புரதத்தில் ஒட்டவைத்து அடையாளமிடுவார்கள். புரதத்துக்காக, வெட்டியெடுக்கப்பட்ட கால்களின் தசையைத் தேட வேண்டியிருந்தது! பிற்பாடு பரிசோதனைச் சாலையில் வளர்க்கும் உயிரணுக்களே அதைத் தந்தன. 1971-ல் ஸ்டாக்ஹோமில் எங்வால், பெர்ல்மன் இருவரும் கண்ட 'எலைசா' முறைக்குக் கதிர்வீச்சு வேண்டாம். 96 குழிகள் உள்ள தட்டில் ஏறும் நிறத்தைக் கொண்டே அளவு சொல்லலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எதிர்ப்பொருளை அளக்கும் பெட்டி வேறு. தசைப்புரதத்தையே அளக்கும் பெட்டி வேறு. பின்னதில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அச்சிட்டிருக்கும். பெயர் ஒத்திருக்கிறதென்று அதை வாங்கி நோயாளிக்கு முடிவு சொல்வது பெரும் பிழை. சரியான பெட்டியும் சர்வ வல்லமை உடையதன்று. வியாதி உடலெங்கும் பரவியவர்களிலேயே நூற்றுக்குச் சுமார் 15 பேரிடம் இந்த எதிர்ப்பொருள் அகப்படுவதில்லை. அவர்களில் சிலருக்கு, 2001-ல் கண்டறிந்த 'மஸ்க்' என்னும் மற்றொரு தசைப்புரதத்துக்கு எதிரான பொருள் இருக்கும்.

இப்பெட்டிகளில் பெரும்பாலானவை கடல் கடந்தே வருகின்றன. வழியெல்லாம் 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே இருக்க வேண்டும். ஒரகடத்திலிருந்து வெகு தூரமில்லாத வடநெம்மேலியில், 1978-ல் ஏற்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நம் நாட்டுக் கட்டுவிரியனின் நஞ்சை எடுத்து விஷமுறிவு மருந்துக்குத் தருகிறார்கள். அந்த நஞ்சும் கண்ணிமையைத்தான் முதலில் தாழ்த்துகிறது. அதைக் கையாளத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கையில், பூங்காவில் மனை ஒதுக்குகிறவர்கள் உயிரணு வளர்க்கும் சாலைக்கும் குளிர் அறைக்கும், செய்த பெட்டியை நம் ஆஸ்பத்திரி நோயாளிகளின் இரத்தத்தைக் கொண்டே சரிபார்க்கும் கூடத்துக்கும் முதலில் இடம் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.