அலறும் அலாரத்தின் வாயைக் கட்டலாமா?

நுரைச்சோலை என்றதும் வெளியூர் வாசகர்களுக்கு அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிதான் நினைவுக்கு வரும். நான் இன்று எழுத விரும்புவது அதைவிட மிகச் சிறியதொரு பொறியைப் பற்றி. காரில் பூட்டப்படும் அலாரம்தான் அது. காரணமின்றி அலறும் அலாரத்துக்கு எங்கள் பக்கத்தில் பலர் கையாளும் வைத்தியம், சைரனுக்குப் போகும் வயரை வெட்டிவிடுவது. இந்த வைத்தியம் நோயைவிடக் கேடானது என்பது என் கருத்து.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய கார் ஒரு சொத்தாகவே மாறிவிட்டது. இறக்குமதி தொடங்கிய பின்னரும் வரிச்சுமையால் புதிய கார் சாதாரண குடும்பத்தின் கைக்கு எட்டவில்லை. வெங்காயம் பயிரிடுபவரோ மீன் வியாபாரியோ தம் பழைய காருக்கு அலாரம் பூட்ட நினைப்பது முற்றிலும் நியாயமே. அதை எப்படிப் பூட்டுகிறோம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு. நடுவே கிடக்கும் மணல்திட்டு எங்கள் ஊர். இங்கு வீசும் காற்றில் உப்பு கலந்திருக்கிறது. கதவிலும் பொனட்டிலும் இருக்கும் சிறு சுவிட்சுகளை அது அரிக்கிறது. மூடிய கதவைத் திறந்த கதவென்று அலாரம் எண்ணிக்கொள்வது இதனால்தான். எர்த் வயரைத் துருவின் மீதோ பெயின்றின் மீதோ முடுக்கியிருந்தாலும் அலாரம் தாறுமாறாக நடந்துகொள்ளும். தென்மேல் பருவக்காற்று பலக்கும் மாதங்களில், அதிர்வை உணரும் சென்சர் அளவுக்கு மீறிக் கூர்மையாக வைக்கப்பட்டிருந்தால், கார் இலேசாக ஆடினாலே சைரன் எழும்பிவிடும்.

அடுத்தது பட்டரி. ஓர் அலாரம் விழித்திருக்க 40 மில்லியம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 அம்பியர்-மணி. சிறிய காரின் 35 அம்பியர்-மணி பட்டரி, ஓடாமல் நின்றால் 18 நாட்களில் பாதியாகிவிடும். மின்னழுத்தம் தளரும்போதும் சில அலாரங்கள் அலறும். திருடன் வந்ததாக நாம் நினைப்போம். உண்மையில் வந்தது பசி.

ஆகவே, வெட்டுவதற்கு முன் ஒழுங்காகத் தேட வேண்டும். முதலில் பட்டரியை அளக்க வேண்டும். ஓய்ந்திருக்கும் நல்ல பட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2க்குக் கீழே போனால் ஐயம் அங்கேயே. பிறகு அதிர்வு சென்சரைக் கழற்றிவிட்டு ஓரிரவு பார்க்கலாம். அலறல் நின்றால் குற்றவாளி அதுதான். அதன் கூர்மையைக் குறைத்துப் பூட்டினால் போதும். நிற்காவிட்டால் கதவுச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் துப்புரவாக்க வேண்டும். எர்த் வயரைச் சுரண்டிய வெற்று உலோகத்தில் முடுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். இதற்கு ஒரு மீற்றரும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

பூட்டும்போதே கேட்க வேண்டியவையும் உண்டு. பட்டரிக்கு அருகிலேயே பியூஸ் இருக்கிறதா? வயர்கள் ஈயம் பற்றவைத்து இணைக்கப்பட்டனவா, வெறும் டேப் சுற்றியவையா? வெறும் டேப் இந்த வெயிலில் உரிந்துவிடும்; தீ பிடிக்க வேறு காரணம் வேண்டியதில்லை. இயந்திரத்தை முடக்கும் ரிலேயை ஸ்டார்ட்டர் வயரில் வைப்பதே பாதுகாப்பு. இக்னிஷனிலோ எரிபொருள் பம்பிலோ வைத்தால், அந்த ரிலே பழுதாகும் நாளில் கார் நடுவீதியில் நின்றுவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கியது சைரனை அல்ல, இயந்திரத்தை முடக்கும் இம்மொபிலைசரைத்தான். சத்தம் அயலவனை நம்பியிருக்கிறது. இம்மொபிலைசர் எவரையும் நம்பியிருப்பதில்லை.

அந்த அயலவனைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு வாகனங்கள் நெருங்கி நிற்கையில் ஓர் அலாரம் அலறினால் எவர் திரும்பிப் பார்க்கிறார்? 'புலி வருகிறது' கதை நாம் அனைவரும் அறிந்ததே. பொய்யாக அலறும் ஒவ்வொரு கார், அடுத்த வீட்டுக்காரரின் உண்மையான அலறலையும் செல்லாக்காசாக்கிவிடுகிறது. வயரை வெட்டியவரோ, காவல் இருப்பதாக நம்பிக்கொண்டு காவலின்றி உறங்குகிறார்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று அமைச்சர் கூறினார். எங்கள் ஊர் மின்நிலையத்தின் மூன்று மின்பிறப்பாக்கிகளும் நின்றுபோய், மீண்டும் வழமைக்குத் திரும்பச் சில நாட்கள் எடுத்தன. நாடு சிரித்தது, திட்டியது. ஆனாலும் தன்னைக் காக்க நின்றுபோகும் பொறியின் காப்பைக் கழற்றி எறியுங்கள் என்று எந்தப் பொறியியலாளரும் சொல்லமாட்டார். ஏன் நின்றது என்றுதான் கேட்பார். வாசலில் நிற்கும் காரிடமும் நாம் கேட்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.