பள்ளிக்கூடத்தில் இருக்கிற பிள்ளைக்கு, காப்பகத்தில் எதற்குக் கட்டணம்?

தென்காசியில் பல தனியார் பள்ளிகளில் எல்கேஜி வகுப்பு மதியத்தோடு முடிந்துவிடுகிறது. அம்மா வேலை பார்க்கும் ஜவுளிக்கடையோ, லேப்போ, பைனான்ஸ் கம்பெனியோ சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் ஆளை விடாது. நடுவில் கிடக்கும் இந்தப் பொழுதுதான், ‘டே கேர்’ என்று போர்டு தொங்கும் வீடுகளுக்குப் பிழைப்பு. முன்னறையில் பாய் விரித்திருக்கும், சுவரில் மிக்கி மவுஸ் சிரிக்கும், மூலையில் பிளாஸ்டிக் கூடையில் டிபன் பாக்ஸ்கள் அடுக்கியிருக்கும். காலை எட்டரைக்கு அம்மா பிள்ளையை விட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடுவாள். ஒன்பது மணிக்குப் பள்ளி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய், ஒரு மணிக்குத் திரும்ப இறக்கிவிடும்.

இந்த நான்கு மணி நேரத்துக்கும் சேர்த்தே காப்பகம் கட்டணம் வாங்குகிறது. ஒன்பது முதல் ஒன்று வரை பிள்ளை இருப்பது பள்ளியில். அந்த நேரத்துக்குப் பள்ளிக்கு ஃபீஸ் கட்டியாகிவிட்டது. அதே நேரத்துக்குக் காப்பகத்துக்கும் கட்ட வேண்டும். கணக்குக்காக மாதம் 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டரை முதல் ஆறு வரை ஒன்பதரை மணி நேரம், மாதம் 24 நாள் என்றால் 228 மணி. அதில் 96 மணி நேரம் பிள்ளை அந்த வீட்டு வாசலிலேயே இல்லை. சுமார் 1,900 ரூபாய், இல்லாத பிள்ளையைப் பார்த்துக்கொண்டதற்காகப் போகிறது. கடையில் நின்று சம்பாதிக்கிற பெண்ணுக்கு அது சின்னத் தொகை இல்லை.

இதையாவது சகித்துக்கொள்ளலாம். என் அக்கா மகள் காட்டிய ஒரு மாதச் சீட்டில் இரண்டு வரி எழுதியிருந்தது. முதல் வரியில் ‘ஃபுல் டே’, முழு மாதத்துக்கான பணம். அதற்குக் கீழே ‘லீவ் டே எக்ஸ்ட்ரா’, மூன்று நாளுக்குத் தனியாக. மழை விடுமுறை விட்ட நாட்களில் பிள்ளை காலையிலும் காப்பகத்திலேயே இருந்தாளாம், அதற்காகக் கூடுதல் கட்டணம். பள்ளிக்குப் போன நாளில் முழு நாள் காசு வாங்கியவர்கள், போகாத நாளில் அதே காலைப் பொழுதை இன்னொரு முறை விற்றிருக்கிறார்கள். சீட்டில் காப்பகத்தின் பெயர் இல்லை, கையெழுத்தும் இல்லை. கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள்.

மேற்கே மலையும் சாரலும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் உள்ள ஊர் இது. 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரியோடு தென்காசிக்கும் சேர்த்துத்தான் விடுமுறை விட்டார்கள். இங்கே மழை லீவு வருவது யாரும் எதிர்பாராத விபத்து அல்ல. வருஷா வருஷம் வரும் என்று தெரிந்த ஒன்றை ‘எக்ஸ்ட்ரா’ என்று எழுதுவது எந்த நியாயம்?

அக்கா மகள் காப்பகம் நடத்தும் அம்மாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அந்தம்மா கோபப்படவில்லை. “நீங்க சொல்லுதது சரிதான் மேடம். ஆனா ஒரு மணிக்கு உங்க பிள்ள வந்துருவால்லா? அந்த எடத்துல இன்னொரு பிள்ளைய நான் எப்படிச் சேக்க? அவ இல்லாட்டாலும் அவ எடம் கெடக்குல்லா” என்றாராம்.

இந்தப் பதிலைத் தள்ளிவிட முடியாது. காப்பகம் நடத்துகிற அம்மாவுக்கு வீட்டு வாடகை மணிக்கணக்கில் குறையாது. துணைக்கு வைத்திருக்கும் ஆயாவை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு அனுப்பி ஒரு மணிக்குத் திரும்பக் கூப்பிட முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பதினொரு மணிக்கே பள்ளியிலிருந்து போன் வந்தால் போய்க் கூட்டிவருவதும் பெரும்பாலும் அவர்தான். இடத்தைப் பிடித்து வைத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையும் பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைக்கிற விலையும் ஒன்றாக இருக்க முடியாது என்பதுதான் என் வாதம். இரண்டையும் ஒரே தொகைக்குள் போட்டு மூடிவிட்டு, மழை நாளில் மட்டும் பிரித்துக் காட்டுவது கூடாது.

இங்கிலாந்தில் வீட்டில் வைத்துப் பிள்ளை பார்ப்பவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். அங்கேயும் இதே சண்டை உண்டு. பிள்ளை நர்சரியில் இருக்கும் நேரத்துக்கு சிலர் முழுக் கட்டணம் வாங்குகிறார்கள், சிலர் பாதி வாங்குகிறார்கள், சிலர் ஒன்றும் வாங்குவதில்லை. ஆனால் எது என்பதைச் சேர்க்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது அங்கே வழக்கம். சுவீடன் 2002-லேயே பெற்றோர் கட்ட வேண்டிய கட்டணத்துக்கு வருமானத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு வைத்துவிட்டது. அந்த அளவுக்கு நாம் இப்போது ஆசைப்பட வேண்டாம். எழுதி ஒட்டுவதில் என்ன கஷ்டம்?

தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 2009-ல் தமிழகத்தில் ஒரு சட்டமே வந்தது, நிர்ணயக் குழு இருக்கிறது. மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கு 2015-ல் விதித் தொகுப்பு வந்தது. வீட்டு முன்னறையில் நடக்கிற காப்பகம் எந்த நேரத்துக்கு எவ்வளவு வாங்குகிறது என்று கேட்கத்தான் யாரும் வருவதில்லை. பெற்றோரும் கேட்பதில்லை. பிள்ளை அவர்கள் கையில் இருக்கிறது, வாய் திறந்தால் நாளைக்கு எப்படிப் பார்ப்பார்களோ என்ற பயம். என் அக்கா மகளும் கேட்டுவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை.

அரசாங்கத்திடம் இதற்கு வழி இல்லாமலில்லை. பால்வாடி, அதாவது அங்கன்வாடி, இருக்கிறது. சோறு போடுகிறார்கள், முட்டை தருகிறார்கள், டீச்சரும் ஆயாவும் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஆனால் நான்கு மணிக்கு முன்பே கதவு பூட்டிவிடும். ஆறு மணிக்கு வேலை முடிகிறவளுக்கு அதனால் பாதிப் பயன்தான். மத்திய அரசின் தேசியக் காப்பகத் திட்டம் 2017-ல் வகுத்த விதியைப் பாருங்கள். ஆறு மாதக் குழந்தை முதல் ஆறு வயது வரை, ஒரு காப்பகத்துக்கு 25 பிள்ளைகள், மாதம் 26 நாள், தினம் ஏழரை மணி நேரம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள வீட்டுக்கு மாதம் 20 ரூபாய், மாத வருமானம் 12,000 வரை உள்ளவர்களுக்கு 100, அதற்கு மேல் 200. 2022-ல் அது ‘பால்னா’ என்று பெயர் மாறி, அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் என்ற வடிவத்துக்கு வந்தது. வேலைக்குப் போகிற எத்தனை அம்மாக்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி செய்து தர வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்தார்கள். தென்காசிக் கடைத்தெருவில் ஐம்பது பேரை வைத்திருக்கும் கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களுக்கோ வீடுதான் கம்பெனி. பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966-ல் வந்த சட்டம் பெண்கள் அதிகமாக வேலை செய்யும் தொழிற்கூடத்தில் பிள்ளைகளுக்கு அறை கேட்டது. மடியில் சொளகை வைத்துக்கொண்டு திண்ணையில் இலை சுருட்டுகிறவளுக்கு அந்த அறை எங்கே? புகையிலைத் தூள் பக்கத்திலேயே பிள்ளை தவழ்கிறது.

எனவே வீட்டுக் காப்பகங்கள் பக்கமும் அரசாங்கத்தின் பக்கமும் வேலை இருக்கிறது. தென்காசி நகராட்சியும் குற்றாலம் பேரூராட்சியும் தங்கள் எல்லைக்குள் காசு வாங்கிப் பிள்ளை பார்க்கும் வீடுகளை முதலில் கணக்கெடுக்கட்டும். மூட வைப்பதற்கு அல்ல. மூடினால் அம்மாக்கள்தான் தெருவில் நிற்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கட்டணப் பலகை வேண்டும். பிள்ளை இருக்கும் நேரத்துக்கு மணிக்கு இவ்வளவு, பள்ளி நேரத்தில் இடம் பிடித்து வைப்பதற்கு இவ்வளவு என்று தனித்தனியாக. பின்னது முன்னதில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது என் கருத்து. முழு நாள் பணம் வாங்கியவர் விடுமுறை நாளுக்குத் தனியாக வாங்கவே கூடாது. காலையில் காலியாகக் கிடக்கும் இடத்தில் காலை ஷிஃப்ட் மட்டும் பார்க்கும் ஒரு நர்ஸின் இரண்டு வயதுப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால், அந்த இடத்துக்கான காசு பள்ளிக்குப் போயிருக்கும் பிள்ளையின் வீட்டுக் கணக்கில் குறைய வேண்டும். இதைக் காப்பகம் நடத்தும் அந்தம்மாக்களே உட்கார்ந்து பேசி முடிக்கலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ரசீது கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு ரசீது தர மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தகராறு என்றால் 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் ஒரே காப்பகத்தில் பிள்ளையை விடும் நான்கைந்து அம்மாக்கள் சேர்ந்து போய்க் கேட்கலாம்.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் நாளில் இந்த அம்மாக்கள் சேர்ந்து ஒரு மனுவும் கொடுக்கலாம். அதில் கேட்க வேண்டியது, புது பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஓர் அங்கன்வாடியையாவது மாலை ஆறரை வரை திறந்து வைக்கும் பால்னா காப்பகமாக்குவது. குற்றாலத்துக்குத் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசனில் பேரருவிப் பாதையிலும் ஐந்தருவிப் பக்கமும் பழக்கடையில், சிப்ஸ் கடையில், லாட்ஜில் துணி துவைப்பதில் நிற்கிற பெண்களுக்கு ஆறரையும் போதாது. கூட்டம் அடங்க இரவு ஒன்பதாகும். பள்ளி திறந்து புதுப் பிள்ளைகள் எல்கேஜியில் சேர்வதும் அதே ஜூனில்தான். வண்டிக் கட்டணமும் கடை வாடகையும் சீசனில் வசூலாகிற பேரூராட்சிக்கு, அந்த மூன்று மாதத்துக்கு ஓர் அறையும் இரண்டு ஆயாக்களும் பெரிய செலவில்லை. அடுத்த சீசனுக்கு அது வேண்டுமென்றால் மே மாதத்துக்குள் தீர்மானம் போட வேண்டும்.