வார்டு கைமாறும் நேரம்

பட்டமேற்படிப்பில் சேர்ந்து வார்டுக்குள் நுழையும் இளம் மருத்துவர்களுக்குப் பலரும் சொல்லும் அறிவுரை, 'உழைப்புக்கு அஞ்சாதே' என்பதுதான். விடிய விடிய விழித்திருப்பவரே நல்ல மருத்துவர் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. சான்றுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. பாஸ்டன் நகரின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், டியூட்டி நேரத்தைக் குறைத்த முறையைவிட, 24 மணி நேரத்தைத் தாண்டும் வழக்கமான முறையில் பயிற்சி மருத்துவர்களின் கடும் பிழைகள் 36 சதவீதம் அதிகமாக இருந்தன. நம் மத்திய அரசும் 1992இலேயே, தொடர்பணி பொதுவாக 12 மணி நேரத்தையும் வாரப்பணி 48 மணி நேரத்தையும் தாண்டலாகாது என்றது. ஆனால் 2023இன் பட்டமேற்படிப்பு விதிகளோ 'நியாயமான பணிநேரம்' என்பதோடு நின்றுவிட்டன.

டியூட்டியைக் குறைத்தால் நோயாளி பல கைகள் மாறுவார், ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோ ஒரு தகவல் நழுவும் என்று மூத்த மருத்துவர்கள் மறுக்கிறார்கள். வீண் அச்சமல்ல அது. அமெரிக்க அறுவை சிகிச்சைத் துறைகளில் நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்திப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வு, அதனால் நோயாளிகளுக்குத் தீங்கு கூடியதாகக் காணவில்லை. ஆக, மணிக்கணக்கைக் குறைப்பது மட்டும் போதாது. டியூட்டி மாறும்போது நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் முறையும் திருந்த வேண்டும். டியூட்டிப் பட்டியலை மாற்றும் அதிகாரம் முதலாண்டு மாணவருக்கு இல்லை. ஒப்படைப்பு அவர் கையில்தான் இருக்கிறது.

அதற்கு வழியும் உண்டு. வட அமெரிக்காவின் ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் 'ஐ-பாஸ்' என்ற ஒப்படைப்பு முறையைப் பழக்கினார்கள். நோயின் தீவிரம், சுருக்கமான வரலாறு, செய்ய வேண்டியவை, நிலைமை மோசமானால் என்ன செய்வது ஆகியவற்றை வரிசையாகச் சொல்ல வேண்டும்; கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும் தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்ததாக 2014இல் முடிவு வெளியானது. நோயாளிகள் தரையிலும் பாய் விரித்துப் படுக்கும் நம் அரசு வார்டுகளில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். அந்த ஆய்வில் ஒரு நோயாளிக்கு 2.4 நிமிடமாக இருந்த வாய்மொழி ஒப்படைப்பு, புதிய முறையில் 2.5 நிமிடம்தான் ஆனது. அதுவும் அதிகமென்றால், தீவிரத்தை முதலில் சொல்லும் வரிசையே கைகொடுக்கும். தேறிவரும் நாற்பது பேருக்கு ஆளுக்கொரு வரி போதும். இரவில் சரியக்கூடிய நான்கு பேருக்கு மிச்ச நேரத்தைக் கொடுக்கலாம். அந்த நான்கு பேர் யார் என்று அடுத்தவர் திருப்பிச் சொன்ன பிறகே உங்கள் டியூட்டி முடிகிறது.