மயிலாப்பூரில் எத்தனை எழுத்து?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "புரோகிராம் எழுத எந்த லாங்குவேஜ் படிக்கலாம்?" என்பதுதான். தி.நகர், அடையாறு பக்கம் பயிற்சி மையங்களில் விசாரித்தாலும் சி, ஜாவா, பைத்தான் என்று பெயர்ப் பட்டியல்தான் முதலில் வருகிறது. சாப்ட்வேர் இன்ஜினியரான என் கருத்து வேறு. லாங்குவேஜ் எதுவாகவும் இருக்கட்டும். கம்ப்யூட்டர் ஓர் எழுத்தை எப்படிச் சேமிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு நம் தமிழே நல்ல பாடம்.

கம்ப்யூட்டருக்கு எண் மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் ஒதுக்க வேண்டும். ஆங்கிலத்துக்கான ஆஸ்கி முறையில் 128 எண்கள் உண்டு. எட்டு பிட் சேர்ந்த ஒரு பைட்டில் 256 எண்கள் அடங்கும். ஆங்கிலத்துக்குப் போக மீதி 128. தமிழுக்கோ 247 எழுத்துகள்! அதனால் கொம்பு, துணைக்கால் போன்றவற்றைத் தனித்தனித் துண்டுகளாக வைத்தார்கள். எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதில்தான் சிக்கல். ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண் கொடுத்தது. ஒருவர் டைப் செய்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத குறிகளாகத் தெரிந்தது.

இதைச் சரிசெய்ய, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. பிறகு உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு பரவலானது. 2010-ல் தமிழக அரசும் அதைத் தரமாக ஏற்றது. இதில் 'அ' என்றால் 2949, 'க' என்றால் 2965. 'கி'க்குத் தனி எண் கிடையாது. 'க'வின் எண்ணோடு இகரக் குறியின் 3007 சேர வேண்டும். புள்ளிக்கும் தனி எண் உண்டு: 3021.

இப்போது நோட்பேடைத் திறந்து, யூனிகோடு முறையில் 'மயிலாப்பூர்' என்று டைப் செய்யுங்கள். நம் கண்ணுக்கு 6 எழுத்து. கம்ப்யூட்டருக்கு 11 எண்கள். யு.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வோர் எண்ணும் 3 பைட் பிடிக்கும். அந்த முறையில் சேமித்து பைலின் அளவைப் பாருங்கள்: 33 பைட். (பழைய விண்டோஸில் அடையாளக் குறி 3 பைட் சேர்ந்து 36 காட்டும்.) அடுத்து, அதையே வேறு பெயரில் 'ஆன்சி' என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். விண்டோஸ் எச்சரிக்கும், பரவாயில்லை. பைலை மூடித் திறந்தால் 11 கேள்விக்குறிகள் இருக்கும். எழுத்து போனது போனதுதான். எழுத்துருவை மாற்றினாலும் திரும்பாது.

6, 11, 33. மூன்றும் சரியான விடைகளே. எதை எண்ணுகிறோம் என்பதுதான் வித்தியாசம். இது தெரியாதவர், "பெயருக்கு 30 பைட் தாராளம்" என்று புரோகிராம் எழுதுவார். அதில் மயிலாப்பூர், கடைசிப் புள்ளியை இழந்து 'மயிலாப்பூர' ஆகிவிடும். ஊர்ப் பெயருக்கு நேர்வது உங்கள் குழந்தையின் பெயருக்கும் மதிப்பெண் பட்டியலில் நேரலாம். அங்கே அது வெறும் எழுத்துப் பிழை அல்ல; அதைத் திருத்த அலைய வேண்டியது நீங்கள்தான்.

லாங்குவேஜ்கள் வரும், போகும். பிட், பைட், குறியீடு என்ற அடிப்படை மாறாது. பயிற்சி மையத்தில் பணம் கட்டுமுன், "எழுத்து எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று சொல்லித் தருவீர்களா?" என்று கேளுங்கள். இதற்கு ஒரு தாளில் படம் போட்டு விளக்குகிறவரிடம் எந்த லாங்குவேஜையும் தைரியமாகப் படிக்கலாம்.