அடுப்பைப் பற்றவைக்கும் முன்



போன வாரம் ஒருநாள் வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிட்டது. செருப்பைக் கழற்றுவதற்குள் மகள், "அம்மா, நூடுல்ஸ்!" என்றாள். "செய்யலாம், ஆனால் மசாலா பாக்கெட்டைப் பிரிக்காமல்" என்றேன். முகம் சுருங்கிப்போயிற்று. "அப்புறம் ருசி எங்கிருந்து வரும்?"

நியாயமான கேள்விதான். 1958-ல் இந்த உடனடி நூடுல்ஸை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் மொமொஃபுகு ஆண்டோ. வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு அவர் கண்டுபிடித்த சூட்சுமம் எளிமையானது. வெந்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்தால், உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகிப் போய், இழையெங்கும் பொடித் துளைகள் விழும். பிறகு வெந்நீர் பட்டதும் துளை வழியே நீர் ஏறி, இழை இளகிவிடும். ஆக, வேகத்தை அவர் கொடுத்துவிட்டார். ருசியையாவது நம் காய்கறிக் கூடையிலிருந்து எடுப்போமே!

அதற்கு ஒரே விதி: எல்லாவற்றையும் நறுக்கிவைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். மூன்று நூடுல்ஸ் கட்டிக்கு எட்டுப் பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, இரண்டு பச்சை மிளகாய். பூண்டை அரைக்காதீர்கள், தட்டிப் போடுங்கள். பீன்ஸையும் கேரட்டையும் சாய்வாக, மெல்லிசாக நறுக்கினால் இரண்டே நிமிடத்தில் வதங்கும். வெங்காயத்தாளில் வெள்ளைப் பகுதி முதலில், பச்சைப் பகுதி கடைசியில்.

நூடுல்ஸை ஒன்றரை நிமிடம் மட்டும் வேகவிட்டு வடித்து, குளிர்ந்த நீரை ஊற்றி, ஒரு ஸ்பூன் எண்ணெயில் பிசிறி வையுங்கள். ஒட்டாது. இரும்பு வாணலி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விட்டு, பூண்டு, இஞ்சி, மிளகாய், வெங்காயத்தாளின் வெள்ளை, பிறகு காய்கள். தீ குறையவே கூடாது. உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் காய் நீர் விட்டுக்கொண்டு, வதங்குவதற்குப் பதில் வெந்துவிடும். பிறகு நூடுல்ஸ், ஒரு ஸ்பூன் சோயா சாஸ், அப்போது இடித்த மிளகு. நான்கு புரட்டு, அவ்வளவுதான்.

வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, "எலுமிச்சம்பழ சேவை மாதிரிதானே செய்யறே? அப்போ பழத்தையும் பிழியேன்" என்றார். அடுப்பை அணைத்துவிட்டுப் பிழிந்தேன். கொதியில் பிழிந்தால் மணம் ஓடிவிடும். மலேசியாவின் பினாங்கிலும், நம் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) கேட்டால், தட்டின் ஓரத்தில் ஓர் எலுமிச்சைத் துண்டும் வரும். அம்மாவைப் போல் சேவை நாழி பிழிந்த கைகளுக்கு இழையின் பக்குவத்தை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நறுக்கப் பன்னிரண்டு நிமிடம், அடுப்பில் ஐந்து நிமிடம். மகள் ஒன்றும் சொல்லவில்லை. வாணலியோரம் ஒட்டியிருந்த பூண்டுத் துணுக்குகளைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

பிரிக்காத அந்த மூன்று பாக்கெட்டுகளும் இன்னும் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால்தான் கிடக்கின்றன. உங்கள் வீட்டு வாணலியில் நூடுல்ஸ் எப்படி மாறியது? எழுதுங்கள், செய்து பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்