சோதனையில் சிக்காத நஞ்சு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் போதை மருந்தை அளவு மீறி உட்கொண்டு 2022-ம் வருஷத்தில் 1,07,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மரணங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஃபென்டனில் முதலான செயற்கை மருந்துகள் சம்பந்தப்பட்டவை. 2024-ல் மொத்தத் தொகை சுமார் 80,000-ஆகக் குறைந்தது. ஆயினும் ஆறுதல் கொள்ளத்தக்க தொகையன்று அது. இத்தனை பேரைக் கொன்ற நஞ்சை அந்நாட்டு ஆஸ்பத்திரிகள் பல நெடுங்காலம் தேடியே பார்க்கவில்லை என்பதுதான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம்.

1960-ம் வருஷத்தை ஒட்டி பெல்ஜியம் தேசத்து டாக்டர் பால் ஜான்சன் உண்டாக்கிய ஃபென்டனில், சஸ்திர சிகிச்சையில் இன்றும் பயன்படுகிறது. மார்பினைக் காட்டிலும் அது 50 முதல் 100 மடங்கு வீரியமுடையது. 2 மில்லிகிராமே உயிரைப் போக்கக்கூடும். கள்ள வியாபாரிகள் அதைப் போலி மாத்திரைகளில் கலந்து விற்பதால், உண்பவருக்கே தாம் உண்டது இன்னதென்று தெரிவதில்லை.

வழக்கமான சிறுநீர்ச் சோதனையோ அபினியிலிருந்து வரும் மார்பின், கோடீன் முதலியவற்றைக் கண்டறிய ஏற்பட்டது. ஃபென்டனிலின் ரசாயன அமைப்பு வேறானதால் அச்சோதனையில் அது அகப்படாது. அதற்கெனத் தனிச் சோதனை வேண்டும். ஐயமற உறுதிப்படுத்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவி வேண்டும். இதை அறியாத பெற்றோர், 'அபினி வகை இல்லை' என்ற அறிக்கையை நம்பிப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் செல்லக்கூடும். சாட்சியை அழைக்காமலே 'சாட்சியமில்லை' என்று தீர்ப்பெழுதுவதற்கும் இதற்கும் பேதமென்ன?

கலிபோர்னியா ராஜ்யத்தில் 2023 ஜனவரி முதல் அமலுக்கு வந்த சட்டம் இக்குறையைக் களைய முற்பட்டது. நோயை அறியும் பொருட்டுச் சிறுநீரில் போதை மருந்துச் சோதனை செய்யும் பொது ஆஸ்பத்திரிகள், அதில் ஃபென்டனிலையும் சேர்க்க வேண்டும் என்று அது விதிக்கிறது.

மூச்சடங்கிக் கிடப்பவருக்கு உடனே நலோக்ஸோன் கொடுக்க வேண்டுமேயன்றிச் சோதனை முடிவுக்குக் காத்திருக்கலாகாது என்பர் சிலர். அது உண்மையே. ஆனால் சோதனையின் பயன் பிழைத்தெழுந்தபின் ஆரம்பிக்கிறது. தாம் விழுங்கியது எது என்றறிந்தவரே அடுத்த மாத்திரைக்கு அஞ்சுவார். வைத்தியரும் தக்க சிகிச்சைக்கு வழி செய்வார். ஆஸ்பத்திரியிலேயே ஃபென்டனில் கொடுத்திருந்தால் முடிவு குழம்புமாதலால், சிறுநீரை அதற்கு முன்னரே எடுத்து வைப்பது அவசியம்.

சட்டம் மட்டும் போதாது. நிடஸீன் வர்க்கத்துப் புதிய மருந்துகள் ஃபென்டனில் சோதனைக்கும் அகப்படுவதில்லை. ஆகையால், எவற்றைத் தேடினோம், எவற்றைத் தேடவில்லை என்பதை ஒவ்வோர் அறிக்கையிலும் நோயாளிக்குப் புரியும்படி எழுத வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். இதற்குப் பெருஞ்செலவில்லை. தேடாத நஞ்சை 'இல்லை' என்று நம்பவைப்பது உயிருக்கே அபாயம்.