படுக்கையருகே பெற்றோருக்கு உரிய இடம்

குழந்தைகள் வார்டில் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு உடம்பு துடைத்துவிடுவதும், சிறிது சிறிதாக உப்புச் சர்க்கரைக் கரைசல் புகட்டுவதும், டிரிப்ஸ் தீரும் வேளையில் செவிலியரை அழைப்பதும் பெரும்பாலும் உடனிருக்கும் தாயோ பாட்டியோதான் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆயினும், இவ்வுழைப்பைப் பெற்றுக்கொள்ளும் மருத்துவமனைகள் பலவும் அதைச் செய்வோரை, வார்டிலிருந்து விலக்கி நிறுத்தவேண்டிய கூட்டமாகவே கருதிவருகின்றன. இப்பார்வை மாறவேண்டும்.

மாற்றத்துக்கு வழி நம் நாட்டிலேயே உண்டு. டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில், நோயுற்ற பச்சிளங்குழந்தைகளின் பெற்றோரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே அனுமதித்து, கை கழுவும் முறை, பாலூட்டல், அபாய அறிகுறிகளை இனங்காணுதல் முதலியவற்றைக் கற்பித்து, பராமரிப்பில் பங்கேற்கச் செய்தனர். பெற்றோர் உள்ளே வந்தால் தொற்று பெருகும் என்ற அச்சத்தை அங்கு நடந்த ஆய்வு மெய்ப்பிக்கவில்லை. மாறாக, தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகளின் விகிதம் உயர்ந்தது. ‘குடும்பப் பங்கேற்புப் பராமரிப்பு’ எனப்படும் இம்முறைக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2017-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எடை குறைந்த சிசுவைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் ‘கங்காரு பராமரிப்பை’ப் பிறந்தவுடனேயே தொடங்கினால் இறப்பு ஏறத்தாழ கால்பங்கு குறையும் என்பதை, இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது.

திருவள்ளூர் மாவட்டத்திலோ பெற்றோர் இவ்வாறு பங்கேற்பதற்கு வேறு இடர்களும் உள்ளன. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் உழைக்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் குடும்பங்களுக்குத் துணைக்கு வரப் பாட்டி அருகில் இல்லை. செவிலியர் சொல்லும் தமிழும் முழுதாகப் புரிவதில்லை. மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ரயிலில் செல்ல, வேறு தடத்திலுள்ள அவ்வூரை அடையச் சென்னைப் பக்கம் வந்து வண்டி மாறவேண்டும். தகப்பன் குழந்தையருகே இருந்தால் அன்றைய கூலி போயிற்று. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ., குழந்தைக்குச் சிகிச்சை அளிக்கிறது. ஆனால் நோய்க்கால உதவித்தொகையைத் தொழிலாளி தானே நோயுற்றால் மட்டுமே வழங்குகிறது, பிள்ளைக்காக விடுப்பெடுத்தால் வழங்குவதில்லை.

ஆகவே குடும்பத்தின் பங்கைப் போற்றிப் பேசுவது மட்டும் போதாது. இந்தியிலும் ஒடியாவிலும் சொல்லித்தரும் பயிற்சி, தந்தைக்கும் வார்டில் அனுமதி, உடனிருப்போர் படுக்கவும் குளிக்கவும் இடம் ஆகியவற்றை மாவட்ட நிர்வாகம் செய்துதர வேண்டும். ஊசியும் மருந்தளவும் செவிலியரின் பொறுப்பு என்பதால், பெற்றோர் இருப்பதைக் காட்டிக் காலிப் பணியிடங்களை நிரப்பாமல் விடுவதை ஏற்க இயலாது. குழந்தை மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்குப் பெற்றோரில் ஒருவருக்கு ஊதிய ஈடு கிடைக்கும்படி இ.எஸ்.ஐ. விதிகளை மத்திய அரசு திருத்த வேண்டும். அதுவரை, அந்நாட்களின் கூலியைப் பிடித்தம் செய்யாதிருக்கச் சிப்காட் தொழிற்சாலைகள் தாமே முன்வரலாம்.